பூட்டை இழுத்துப் பார்க்கும் ஆவி

மார்ச் 4, திங்கள்

மனைவி தான் எழுதிய நாவலை இன்று காலை என் மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருள்களுக்கு விளக்க அட்டை எழுதுவது அவள் பணி. நாவலும் ஓர் அருங்காட்சியகத்தில்தான் நடக்கிறது. ஆவி வரும் என்று முன்கூட்டியே எச்சரித்தாள். பதிப்பகத்தார் பதினைந்தாம் தேதிக்குள் கேட்டிருக்கிறார்களாம்.

“நீங்க படிச்சு ஒரு வார்த்தை சொன்னாத்தான் அனுப்புவேன். இல்லன்னா அலமாரியில கிடக்கட்டும்.”

“பார்க்கலாம்” என்றேன்.

“இந்தப் பார்க்கலாமைக் கேட்டுக் கேட்டுத்தாங்க நான் கதை எழுதவே உட்கார்ந்தேன்.”

விளையாட்டாகச் சொன்னதாகவே கொள்கிறேன்.

மார்ச் 5, செவ்வாய்

முதல் மூன்று அத்தியாயங்கள் முடிந்தன. கண்ணாடிப் பேழைக்குள் ஒரு பழைய தந்தச் சீப்பு. ஒவ்வொரு காலையும் பேழை பூட்டியபடியே இருக்கிறது, முத்திரை கலையவில்லை. ஆனால் சீப்புக்கு அடியில் புதிதாக ஒரு தலைமுடி விழுந்து கிடக்கிறது. கதாநாயகி அதை அகற்றுகிறாள். மறுநாள் மீண்டும் ஒன்று.

‘அருமை’ என்று எழுத வந்தேன். தொடக்கம் கவனத்தை ஈர்க்கிறது எனலாம். இப்போதைக்கு இது போதும்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் தோளில் ஒரு முடி ஒட்டியிருந்தது. அவர் வாதத்தில் பாதி என் காதில் ஏறவில்லை.

மார்ச் 7, வியாழன்

ஆட்சேபணைகள் உள்ளன. பேழைக்கு இரண்டு சாவிகள் என்கிறாள். இரண்டாவது யாரிடம் இருந்தது என்பதற்குப் பதில் இல்லை. தவிர, கதையின் முடிச்சு முழுவதும் ஓர் ஆவியின் சாட்சியத்தில் தொங்குகிறது. பிரமாணம் செய்விக்க இயலாத, குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சி. இதை எந்த வாசகன் ஏற்பான்?

ஏற்றுக்கொண்டுதான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதையும் நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன். காப்பிக் கோப்பையுடன் அவள் இரண்டு முறை அறைக்குள் வந்தாள். எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மார்ச் 9, சனி

ஆவி யார் என்பது இன்று தெரியவந்தது. அருங்காட்சியகத்தின் முன்னாள் காப்பாளர். அசல் சீப்பை இயக்குநர் விற்றுவிட்டுப் போலியை வைத்ததை உயிரோடு இருந்தபோதே பார்த்தவர். அசல் சீப்பில் ஒரு பல்லின் ஓரம் உடைந்திருக்கும், முடி அங்கே சிக்கும். போலியில் வழுக்கி விழுந்துவிடும். அதைக் காட்டத்தான் தினமும் முடி வைக்கிறார். மறுக்க முடியாத அழகு. ஆனால் உயிரோடு இருந்தபோது ஏன் சொல்லவில்லை? ‘யோசித்துச் சொல்லலாம் என்றிருந்தார், யோசித்தபடியே இறந்துபோனார்’ என்கிறாள்.

அடுத்த பக்கத்தில் அந்த ஆவி வாயிற்கதவைப் பூட்டுகிறது, படியிறங்கித் தெருக் கேட் வரை போகிறது, திரும்பி வந்து பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறது. செய்தித்தாளைப் பழைய மடிப்பிலேயே மடிக்கிறது. உட்காருவதற்கு முன் நாற்காலியை ஒரு தட்டு தட்டுகிறது.

தாளைக் கவிழ்த்து வைத்தேன். என் கை அப்போதும் நாற்காலியின் பிடியில்தான் இருந்தது.

இத்தனை வருஷமா இவ கூட ஒரே வீட்டுல இருக்கேன். நான் செத்தவனா? வாயே திறக்காம நடமாடுறவனா? அதுதானே அர்த்தம்? வேறென்ன அர்த்தம்?

மார்ச் 10, ஞாயிறு

கடைக்குப் போகும்போது கேட்டிலிருந்து திரும்பி வராமல் நேரே நடந்தேன். பூட்டினேனா இல்லையா என்ற கவலையில் சோப்பு வாங்கப் போனவன் தீப்பெட்டி வாங்கி வந்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

கருத்துரையைத் தட்டச்சு செய்து, கையொப்பமிட்டு, அவள் கைப்பைக்கு அடியில் வைத்தேன். ‘பரிசீலனைக்கு அனுப்பப்பட்ட நாவல் குறித்து’ என்று தொடங்கி, பத்தி எண்களுடன். இரண்டாவது சாவி. ஆவியின் சாட்சியம். உயிருடனுள்ள எவரையேனும் அடையாளம் காட்டக்கூடிய வர்ணனைகள் தவிர்க்கப்படுதல் நலம். வெளியீடு குறித்து இந்நிலையில் கருத்துக் கூறுவதற்கில்லை.

நிதானமாகத்தான் எழுதினேன். நிதானமாக எழுதியதாகத்தான் நினைக்கிறேன்.

மார்ச் 13, புதன்

நின்றபடியே படித்தாள்.

“கடைசியில கோர்ட் சீல் மட்டும்தான் குறைச்சல்” என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மாலையில் நாவலை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், பழைய இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தாள். இரவு உணவின்போது மின்விசிறி சத்தம் போடுவதைப் பற்றி மட்டும் பேசினோம்.

மார்ச் 14, வியாழன்

மைத்துனி தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நாவல் முன்பே தெரியும்.

“அத்தான், அக்கா உங்ககிட்ட பிடிச்சிருக்கான்னு கேட்டா. நீங்க வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கீங்க!”

“அது நோட்டீஸ் அல்ல, கருத்துரை.”

“ஆமா, ரொம்ப வித்தியாசம். அந்த ஆவி நீங்கதான்னு கோபமா?”

“அவ்வாறு கருத இடமிருக்கிறது.”

சிரித்தாள். “அது பூட்டை இழுத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு அத்தான். சரி, கடைசி அத்தியாயம் படிச்சீங்களா?”

படிக்கவில்லை. கவிழ்த்து வைத்த தாளை நான் திருப்பவே இல்லை. வழக்குக் கட்டு முழுவதையும் படிக்காமல் கருத்துரை தந்த ஒரு ஜூனியரை வேலையை விட்டே அனுப்பியவன் நான்.

“படிக்கலையா? ஐயோ அத்தான்! போனை வைங்க முதல்ல.”

முக்காலி போட்டு ஏறி எடுத்தேன். இறங்காமல் அங்கேயே நின்று படித்தேன்.

இயக்குநர் கைதாகிறார். அசல் சீப்பு திரும்பி வருகிறது. இனி ஆவிக்கு அங்கே வேலையில்லை. அது போய்விட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். அன்று மாலை கதாநாயகி கூடத்தைப் பூட்டிவிட்டுக் கேட் வரை போகிறாள். ஏதோ தோன்ற, திரும்பி வந்து பூட்டை இழுக்கிறாள். அது திறந்துகொள்கிறது; அவள் சரியாகப் பூட்டவே இல்லை. எத்தனை நாள் இப்படி மறந்திருப்பாள், எத்தனை நாள் வேறொரு கை வந்து சரிபார்த்திருக்கும்? இருட்டிய கூடத்தைப் பார்த்துச் சொல்கிறாள்: “நீங்க இங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் நான் எல்லாத்தையும் மறந்தேன். போகாதீங்க. ஆனா ஒண்ணு, ஏதாவது பேசுங்க.”

முக்காலி ஆடியது. ஆடியது முக்காலிதான் என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

மார்ச் 15, வெள்ளி

மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும். வழக்கு ஒன்றுக்கு வாய்தா கேட்டுவிட்டு நேரே அருங்காட்சியகத்துக்குப் போனேன். நாவல் என் பையில். இத்தனை ஆண்டுகளில் அவள் வேலை செய்யும் இடத்துக்குள் நான் சென்றது இதுவே முதல் தடவை. நுழைவுச்சீட்டு வாங்கித்தான் சென்றேன்.

நாணயங்கள் வைத்த பேழைக்குப் பக்கத்தில் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பசை போத்தலைக் கீழே வைத்தாள்.

“என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?”

“அனுப்பிடு.”

“எதை?”

“கதையை. பயமா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருக்கு. நேத்துதான் முடிச்சேன். அழுதேன்.”

பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் முழுவதும் போகும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பத்தி எண் போடலையா?”

“இல்லை.”

“எழுத்து மூலமா கிடைக்குமா?”

“கிடைக்காது. வேணும்னா இன்னொரு தடவை சொல்றேன்.”

“சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன்.

“அப்போ அந்த வர்ணனையெல்லாம் எடுக்கணுமா?”

“ஒரு வரியும் எடுக்காதே. ஆனா இரண்டாவது சாவி...”

“அது சரிதான். அதைத் திருத்திட்டேன்” என்றாள். மேல்தட்டில் வைப்பதற்கு முன்பே திருத்தியிருக்கிறாள்!

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வார இதழில் நாவலுக்கு மதிப்புரை வந்திருக்கிறது. மைத்துனி வீட்டுக்குக் கிளம்பும்போது தெருக் கேட்டில் நின்றபடி மனைவி உரக்கப் படித்தாள். விறுவிறுப்பைப் பாராட்டியிருக்கிறார்கள், சீப்பின் புதிரைக் கொண்டாடியிருக்கிறார்கள். ஒரே ஒரு குறை: ‘ஆவி உண்டு என்று கூட நம்பிவிடலாம். ஆனால் பூட்டிய கதவைத் தினமும் திரும்பி வந்து மூன்று முறை இழுத்துப் பார்க்கும் ஓர் ஆள் இருப்பார் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.’

“என்னங்க, மறுப்புக் கடிதம் ஏதும் எழுதப் போறீங்களா?” என்றாள் கேட்டிலிருந்து.

“இல்லை” என்றேன், யோசிக்காமல். அப்போது இரண்டாவது இழுப்பில் இருந்தேன்.