வேலிக்குள் ஒரு வெந்நீர் ஊற்று

நாள் 212, காலை 6:10
செவ்வாய்க் கிரகம், தென்பாலை. ஊற்று வழக்கம்போல் பீறிட்டது. அழுத்தம் சீர்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் வடிவாம்பாள், நீர் ஆய்வாளர். இந்த ஊற்று இயற்கையானது அல்ல. நிலத்தின் உரிமையாளர் ரகோத்தமன் மின்சாரத்துக்காகத் துளையிடச் சொன்னார். தண்ணீர் வந்தது, சூடு போதவில்லை. திருச்செங்கோட்டுப் போர்வெல்காரர்கள் ஒப்புக்கு ஒரு மூடி போட்டுவிட்டுப் போனார்கள். மூடி பிய்த்துக்கொண்டது. அன்றுமுதல் ஊற்றுக்கும் எனக்கும் ஒரே முதலாளி.

நாள் 219, பகல் 1:40
ஊற்றைச் சுற்றி உறைந்த பனிக்கடியில் பச்சை. பாசி! உயிரோடு! கத்தித் தீர்த்தேன். கேட்கத்தான் ஆளில்லை.

நாள் 223, மாலை 4:00
சோதித்துப் பார்த்தேன்: பாசி பூமியுடையது. சுற்றுப்பாதை நிலையத்தில் இருக்கும் போர்வெல் மேஸ்திரி பொங்கியண்ணனைக் கேட்டேன்.

"ஆமாங்க அம்மணி, பூசை போட்டு ஒரு சொம்பு காவேரித் தண்ணி ஊத்தித்தான் பைப்பு எறக்குனோம். ஊத்தாம எங்கூர்ல யாரும் போர் போடமாட்டாங்க. தப்புங்களா?"

தப்புதான். மகா தப்பு. பூமியின் உயிரை இந்த மண்ணில் விடவே கூடாது. எனக்கோ சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நாள் 224, காலை 8:30
ரகோத்தமன்: "வெளிய தெரிஞ்சா நிலத்தையே பிடுங்கிடுவாங்க. சிமென்ட் ஊத்தி அடைச்சிடுங்க. என் ஊற்று, என் இஷ்டம்."

முடியாது என்று பதில் அனுப்பினேன். வேலிக்கு வெளியே பொது நிலம். அங்கே எங்கிருந்து வந்த உயிரானாலும் யாரும் தொடக்கூடாது. வேலிக்குள் மட்டும் இவர் வைத்ததே சட்டமாம்.

நாள் 226, காலை 9:05
நான் தங்கும் கூடத்தின் காற்றை ரகோத்தமன் நிறுத்திவிட்டார். "நிலையத்துக்குப் போற ஓடம் ரெடியா நிக்குது. ஏறிக் கிளம்புங்க மேடம்." அடைக்கும் இயந்திரமும் புறப்பட்டுவிட்டது. நான் காற்றுக் குப்பியை மாட்டிக்கொண்டு ஊற்றுக்குப் போனேன். மூடியின் மிச்சத்தையும் நெம்பி எறிந்தேன்.

9:50
இயந்திரம் மனிதர்மேல் ஏறாது. அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்தால் ஓடத்தைப் பிடிக்கலாம். எழுந்தால் அது ஊற்றை அடைத்துவிடும். தண்ணீர், பாசியையும் இழுத்துக்கொண்டு, பனிக்கடியில் வேலியை நோக்கி ஊர்கிறது.

10:20
பொங்கியண்ணன்: "எந்திரிச்சு வந்துருங்க அம்மணி! காத்து தீந்துருமுங்க!"

பயமாக இருக்கிறது. விரல்கள் மரத்துவிட்டன. எழ மாட்டேன்.

10:47
தாண்டிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முழம், பச்சையாக. ரகோத்தமன், இப்போது அடையுங்கள், பார்க்கல