ரோகிணி என்றே சொன்னாய்

அம்மா,

உதவித்தொகைக்காகப் பள்ளியில் வருமானச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு ரேஷன் கார்டு வேண்டும் என்று உன் பீரோவைத் திறந்தேன். நீ போன பிறகு அதை நானாகத் திறப்பது இதுதான் முதல் தடவை. அந்துருண்டை வாசமும் கஞ்சி போட்ட சேலை வாசமும் சேர்ந்து முகத்தில் அடித்தது. சேலைகளுக்கு அடியில் ஒரு துணிப்பை. ரேஷன் கார்டோடு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு ஜாதக நோட்டும் அதில் இருந்தது.

என்னுடையது என்று நினைத்துத்தான் பிரித்தேன். மதகடிப்பட்டு ஜோசியர் எழுதியது. நட்சத்திரம் ரோகிணி. சரி. பிறந்த இடம் இலங்கை. அதுவும் சரி. ஆனால் பிறந்த வருஷம் என்னுடையதற்கு இரண்டு வருஷம் தள்ளி இருந்தது. மாதமும் வேறு. எனக்குத் தை, நோட்டில் ஆவணி. பெயர் எழுதும் இடத்தில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. ஜோசியர் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்து, செல்போனில் பஞ்சாங்கம் பார்த்தேன். நோட்டில் இருக்கும் தேதிக்கு ரோகிணி பொருந்துகிறது. என் பிறந்த தேதிக்கு உத்திரம் வருகிறது. மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் உத்திரம்தான்.

அப்படியென்றால் இத்தனை வருஷமாக வில்லியனூர் கோயிலில் நீ யாருக்கு அர்ச்சனை செய்தாய்?

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தையல் வேலையைப் பாதியில் வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவாய். சந்நிதியில் தட்டை நீட்டி, "பேரு மலர்விழி, ரோகிணி நட்சத்திரம்" என்று ஒரே மூச்சில் சொல்வாய். கோத்திரம் கேட்டால் மட்டும் தடுமாறுவாய். குருக்கள் சிரித்துக்கொண்டே, "தெரியாதவாளுக்கெல்லாம் சிவ கோத்திரம்தான்மா" என்பார். ஒருநாள் நமக்கு முன்னால் நின்ற அக்காவுக்குத் தன் குழந்தையின் நட்சத்திரம் தெரியவில்லை. குருக்கள் பெயரின் முதல் எழுத்தை வைத்து ஒரு நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தார். அப்படி ஒரு வழி இருப்பதை நீயும் என் பக்கத்தில் நின்று பார்த்தாய். அடுத்ததாக நம் முறை வந்தது. அப்போதும் ரோகிணி என்றே சொன்னாய்.

நான் உன் வயிற்றில் பிறக்கவில்லை என்பதை நீ மறைத்ததே இல்லை. பெரியப்பா வீட்டில் சேட்டை செய்யும் பிள்ளைகளை, "உன்ன தவிட்டுக்குத்தாண்டா வாங்கினோம்" என்று பெரியம்மா கேலி செய்வார். நான் பக்கத்தில் இருந்தால் சட்டென்று நிறுத்திக்கொள்வார். அந்த நிறுத்தம்தான் எனக்கு வலித்தது. ஒரு பொங்கலன்று நீ அதைக் கவனித்துவிட்டாய். "உங்களையெல்லாம் தவிட்டுக்கு வாங்கினாங்க. எம் பொண்ண மட்டும்தான் ஏரோப்ளேன்ல போயி வாங்கினு வந்தோம். செலவு யாருக்கு ஜாஸ்தி, பாத்துக்குங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

எப்படிக் கிடைத்தேன் என்று எப்போது கேட்டாலும் நீ சொன்னது ஒன்றுதான். "போட்டோவப் பாத்தன். ஏரோப்ளேன் ஏறிட்டன்."

சாயங்காலம் திருபுவனையில் ஷிப்ட் முடிந்து அப்பா வந்ததும் நோட்டை அவர் முன் வைத்தேன். டிபன் பாக்ஸைக்கூடக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இத எங்க எடுத்த பாப்பா?"

"இது யாருதுப்பா?"

"மொதல்ல சோறு துன்னலாம்."

சாப்பிட்டுக் கை கழுவினோம். பிறகுதான் சொன்னார். அப்பா அப்போது இலங்கையில் ஒரு துணி ஆலையில் மெக்கானிக். ஆலைக்குப் பின்னால் குழந்தைகள் இல்லம். தத்தெடுக்க அங்கே மனுப் போட்டிருந்தார்கள். பிறந்து சில மாதமான ஒரு பெண் குழந்தையின் போட்டோ வந்தது. பிறந்த நேரமும் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது. நீ ஊரிலிருந்தே அதற்கு ஜாதகம் எழுதி வாங்கினாய். ஆறு கவுன் தைத்தாய். பிறகு ஏரோப்ளேன் ஏறினாய்.

"தெனம் போயி புட்டிப்பால் குடுப்பா. இவ மூஞ்சி பழகிட்ச்சி அதுக்கு. கோர்ட்டுக்குப் போன அன்னிக்கு அதப் பெத்த பொண்ணு வந்து நிக்கிது. பத்தொம்பது இருபது வயசு இருக்கும். கால்ல செருப்பு இல்ல. எம் புள்ளய நானே வளத்துக்கிறன்னு அழுவுது. ஜட்ஜு இன்னா சொல்லுவாரு? உங்கம்மாதான் கொழந்தைய அந்தப் பொண்ணு கையில குடுத்தா."

"அப்புறம்?"

"மூணு நாளு ரூம வுட்டு வெளிய வரல. நாலாவது நாளு, தெச்ச கவுன யாருக்காச்சும் குடுத்துட்டு ஊருக்குப் போலாம்னு இல்லத்துக்கு எடுத்துனு போனா. அங்க நீ இருந்த. ரெண்டு வயசு. அவ பைய இழுத்துப் புடிச்சினு வுடவே மாட்டன்ட்ட."

அதற்குப் பிறகு மறுபடி மனு, மறுபடி கோர்ட்டு. அது முடியும் வரை நீ அங்கேயே தங்கினாய்.

என் முதல் போட்டோ நினைவுக்கு வந்தது. அதில் நான் பூப்போட்ட கவுன் போட்டிருப்பேன். இரண்டு பக்கமும் வேறு நிறத் துணி வைத்து அகலப்படுத்திய கவுன். இவ்வளவு நன்றாகத் தைக்கும் அம்மா, எனக்கு மட்டும் ஏன் ஒட்டுப் போட்டுத் தைத்தாள் என்று நினைத்திருக்கிறேன்.

நீ பொய் சொல்லவில்லை, அம்மா. போட்டோவைப் பார்த்தாய், ஏரோப்ளேன் ஏறினாய். அது யாருடைய போட்டோ என்பதை மட்டும் சொல்லவில்லை.

போன வருஷம் மே மாத லீவில் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனது நீதான். அப்பாகூட, இப்போது எதற்கு என்றார். நீ கேட்கவில்லை. "எங்க பொறந்த, இன்னா ஏதுன்னு நீயே கண்ணால பாத்துக்கடி. நாளைக்கு எங்கிட்ட கேட்டா எனக்கு இன்னா தெரியும்?" என்றாய். முதலில், இல்லத்துக்கு வருவதற்கு முன் நான் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரும்புக் கட்டில்கள், பச்சைத் திரை, ஜன்னலுக்கு வெளியே மழை. காய்ச்சலோடு என்னைச் சேர்த்த பெண், பாண் வாங்கி வருகிறேன் என்று போனவள் திரும்பவில்லை. அங்கே பிரெட்டைப் பாண் என்கிறார்கள். அவள் தமிழ் பேசினாள் என்று பதிவேட்டில் ஒரு வரி இருந்தது. அவ்வளவுதான். நான் அந்தக் கட்டில்களை வரிசையாகப் பார்த்தேன். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. எந்தக் கட்டில் என்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு இல்லத்துக்குப் போனோம். வயதான சிஸ்டர் என் கோப்பைப் பிரித்துக் காட்டினார். "டாக்டர் பல்லைப் பாத்துத்தான் வயசைச் சொன்னவர். பிறந்த திகதி தெரியாத பிள்ளையளுக்கு, இஞ்ச வந்த நாளையே பிறந்த நாளா எழுதுவம்" என்றார். என்னைக் கிணற்றடியைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாய். நான் வாசல் தாண்டுவதற்குள் நீ மெதுவாக, "அந்தக் கொழந்த?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"அந்தப் பிள்ளை சுகமா இருக்கிறா. தாயோடதான். பள்ளிக்கூடம் போறா."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நீ அழுதாய். அங்கே வளர்ந்த யாரையோ விசாரிக்கிறாய் என்று நினைத்தேன். அழுதது எனக்காக என்று நினைத்தேன். ஓடிவந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் உன் கையை விடவே இல்லை. எனக்காக அழ ஓர் ஆள் இருக்கிறது என்று பெருமையாக இருந்தது.

அது யாருக்கான அழுகை என்று இப்போது தெரியவில்லை. அன்றே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். ஐந்து மாதம் கழித்து ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். மூன்றே நாள்.

ஒரு வாரமாக இதையே யோசிக்கிறேன். அந்தக் குழந்தைக்குப் பிறந்த நாழிகை இருக்கிறது, லக்னம் இருக்கிறது, திரும்பி வந்த அம்மாவும் இருக்கிறாள். எனக்குப் பல்லைப் பார்த்துச் சொன்ன வயசு. நீ வெள்ளிக்கிழமைகளில் வேண்டிக்கொண்டதும் அவளுக்குத்தானா? வாய்க்குப் பழகியதால் சொன்னாயா? அவளை விட மனசு வரவில்லையா? அல்லது பெயர் எனக்கும் நட்சத்திரம் அவளுக்குமாக, ஒரே தட்டில் இரண்டு பேருக்கும் கேட்டாயா? ஒரு சமயம் இது சரியென்று தோன்றுகிறது. இன்னொரு சமயம், எனக்கு ஆறுதலாக இருப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது என்றும் படுகிறது. அந்தப் பெண்ணைப் பெற்றவள் மனம் மாறியிருக்காவிட்டால் நீ என்னைப் பார்த்தே இருக்க மாட்டாய். அவள் திரும்பி வந்தது நல்லதுதான் என்று நினைக்கிறேன். உடனே, என் நல்லதுக்காக நினைக்கிறேனா என்று சந்தேகம் வருகிறது.

உன் வருஷத் திதி முடிந்துவிட்டதால், நேற்று வெள்ளிக்கிழமை அப்பா என்னைக் கோயிலுக்கு பைக்கில் கூட்டிப்போனார். வழியில், "குருக்களாண்ட நட்சத்திரத்த சரியா சொல்லிடு பாப்பா. உன் இஷ்டம்தான்" என்றார்.

"எதுப்பா சரி?"

அவர் கியரை மாற்றினார்.

குருக்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு அவரே, "மலர்விழி, ரோகிணிதானே?" என்றார். உத்திரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் இல்லத்தில் எழுதிவைத்த தேதியின் நட்சத்திரம்தானே என்று தோன்றியது. வரிசையில் பின்னால் நின்ற ஒரு பாட்டி, "சீக்கிரம் சொல்லு கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். தலையாட்டிவிட்டேன். உள்ளேயிருந்து என் பெயரும் அவள் நட்சத்திரமும் ஒன்றாகக் கேட்டன.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அப்பா கேட்டார். "மாத்திச் சொன்னியா?"

"இல்லப்பா."

"ஏன்?"

"தெரியலப்பா."

ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "நானும் ஒரு தடவ உங்கம்மாவ கேட்டன். கொழந்த வேறயாயிட்ச்சே, நட்சத்திரத்த மாத்தலையான்னு. இதே மாதிரிதான் நின்னா. 'தெரியலங்க'ன்னா."

உன் மூக்கும் நிறமும் எனக்கு வர வழியில்லை, அம்மா. அந்தத் 'தெரியல' வந்திருக்கிறது. இப்போதைக்கு அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.