பூங்கொடியின் குதிகால்

1.6.2008, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. ரப்பர் மரமெல்லாம் நனைந்து நிற்கிறது, பால் வெட்டு இல்லை. வாங்க வேண்டியது: உப்பு, மண்ணெண்ணெய், கூரைத் தகரத்துக்கு ஆணி.

மருமகள் பூங்கொடியின் வலது குதிகாலில் அந்தக் கறுப்பு. போன தீபாவளிக்குப் புளியங்கொட்டை அளவு, இப்போது இரண்டு ரூபாய்க் காசுக் குத்தி அளவு. பெரிய ஆஸ்பத்திரியில் ஓரத்தில் ஒரு துண்டு கிள்ளிப் பார்த்தார்கள். புற்று. எவ்வளவு ஆழம் என்று தெரியாதாம், அதனால் குதிகாலோடு எடுத்துவிடுவது நல்லதாம். தெரியாததற்கு ஒரு குதிகால்!

கொழும்பிலிருந்து மகன், அவள் புருஷன், போன். "டொக்டருமாரு சொல்றத கேளுங்கப்பா." கேட்கிறேன். குதிகால் இல்லாமல் பால் வாளியோடு இந்தச் சரிவில் அவன் ஒரு தடவை இறங்கிக் காட்டட்டும்.

மேல் டிவிசன் ராமாயியின் கால் எனக்கு நேற்றுப் போல. அப்போதும் எவ்வளவு ஆழம் என்று தெரியாமல்தான் வெட்டினார்கள். சாகும்வரை பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டினாள். யார் கேட்டது? ஒருவரும் இல்லை.

3.6.2008, செவ்வாய்

மழை விட்டது. காலைப் பிரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, கங்காணியின் சத்தம் லயத்து வீடுகள் வரைக்கும்.

"கையில காலுல மச்சம், கறுப்பு உள்ளவங்க எல்லாம் வியாழக்கெழம பிள்ளைக்காம்பராவுக்கு வரணும். தோலுக்குள்ள பாக்குற புது மெசின் வருது!"

"ஒங்க மனசுக்குள்ள பாக்குமா கங்காணி?" கூட்டத்தில் ஒருத்தி.

"ஒன் வாய்க்குள்ள பாக்கச் சொல்றேன், வா."

சிரிப்பு. பூங்கொடியின் காலைக் கிள்ளிப் பார்த்த தோல் டொக்டரம்மாவும் கூட வருகிறாராம். தோலின் ஆழம் தெரியுமாம். பூங்கொடி இன்று இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

5.6.2008, வியாழன்

கோபத்தில் எழுத்து கோணுகிறது. பள்ளிக்கூடம் போகாதவன் எழுத்து, கூத்துக்காரர்களிடம் பொறுக்கியது. சும்மாவே கோணல்தான்.

மெசின் ஒரு பெட்டி, ஒரு டிவி, பேனா மாதிரி ஒன்று. பேனா நுனியில் தலைமுடி போலக் கண்ணாடி நூல். ஓட்டுகிறவன் நௌஃபர், மாவனல்லைப் பக்கத்து இன்ஜினியர். நல்லபடியாகத்தான் பேசினான்.

"காதுக்குக் கேக்காத சத்தம் அப்பா. தோலுக்குள்ள போய் திரும்பி வரும். மத்த ஸ்கேன்ல ஒரு கல்லுதான் அதப் புடிக்கிற. இவ்வளவு மெல்லிய சத்தம் அந்தக் கல்லுக்குச் சரியா அகப்படாது. இதுல வெளிச்சம் புடிக்கும். சத்தம் பட்டா நூல் நுனி அதிரும், உள்ளுக்குப் போற வெளிச்சம் மாறும். அத வெச்சித்தான் படம்."

"வெளிச்சத்துக்குக் காது இருக்கா தம்பி?"

"ஈக்குதுண்டு வெச்சிக்கோங்களேன்." இருக்குது என்பது அவன் ஊரில் ஈக்குது.

கங்காணி கை மச்சத்தை டிவியில் பார்த்தேன். பட்டை, உள்பட்டை, அதற்குக் கீழே மரம் என்பது போல வரி வரியாக. எனக்கே ஆசை வந்தது.

பூங்கொடியின் முறை. மேலே ஒரு வெள்ளைக் கோடு. கீழே முழுக்க இருட்டு. பசையை அள்ளிப் பூசித் திரும்பத் திரும்ப வைத்தார்கள். இருட்டுதான்.

"இவங்கட சரிவராது. அடுத்த ஆள்." நௌஃபர்.

டொக்டரம்மா சொன்னார், முன்பு சொன்னபடியே வெட்டுவோம் என்று. ஊரார் மச்சமெல்லாம் தெரிந்த மெசினுக்கு இவள் கால் மட்டும் ஏன் தெரியாது என்று கத்தினேன். "சீயா, கலபல கரன்ன எபா" என்றார். கலாட்டா வேண்டாமாம். தாத்தா என்று மரியாதை வேறு.

நௌஃபர் மெதுவாக: "இது ஆராய்ச்சிக்கு உள்ள மெசின் அப்பா. ரிப்போட் தார மெசின் இல்ல."

அப்படியென்றால் எங்கள் கால்தான் மெசினுக்கு மருந்தா? உட்கார்ந்திருந்த வாங்கை உதைத்தேன். பெருவிரல் வீங்கிவிட்டது.

மாலை. பூங்கொடி வாசலில் உட்கார்ந்து குதிகாலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சவ்வு மாதிரி ஏதோ உரிந்தது.

"என்ன அது?"

"பால் மாமா. ரப்பர் பால். வெடிப்பெல்லாம் அசிங்கமா இருந்துச்சி. டொக்டரம்மா மடியில கால வைக்கணுமேன்னு நேத்து ரெண்டு பூச்சு பூசுனேன். காஞ்சா வெளிய தெரியாதுல்ல."

வெளியே தெரியாது. இங்கே கையில் கத்தி பட்டாலும் பால்தான் மருந்து, காலில் வெடித்தாலும் பால். ஆனால் இன்றைக்கா! கத்தினேன். அவள் அழவில்லை. காலுறை கழற்றுவது போல முழுதாக உரித்து என் கையில் வைத்தாள்.

6.6.2008, வெள்ளி

மெசின் வந்த வேன் இன்று புளத்கொகுபிட்டியப் பக்கத் தோட்டத்தில் என்று கங்காணி சொன்னான். பால் லொறியில் இருவரும் போனோம். உரித்த சவ்வு பேப்பரில்.

டொக்டரம்மா முகம் சுளித்தார். நௌஃபர்தான் சவ்வை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான்.

"வெடிப்புக்குள்ள காத்து அடைபட்டிருக்கும். காத்து ஈந்தா இந்தச் சத்தம் தாண்டாது. அதுதான் இருட்டு." பிறகு டொக்டரம்மாவிடம் சிங்களத்தில் கெஞ்சினான்.

மறுபடி வைத்தார்கள். வந்தது! கறுப்பு ஒரு தட்டையான கிண்ணம் போல. அதற்குக் கீழே பளிச்சென்று ஒரு கோடு, எங்கும் அறாமல். டொக்டரம்மா டிவிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"சொல்லுங்க நோனா."

ரிப்போட் கொடுக்க அனுமதி இல்லையாம். வேனைக் கிளப்பினார்கள். முன்னால் போய் நின்றேன். டிரைவர் ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும்.

"ரிப்போட் வேணாம். கண்ணால கண்டத வாயால சொல்லிட்டுப் போங்க. நாங்க கால குடுத்தோம்ல?"

இறங்கினார். சிங்களத்தில் சொன்னார்: கறுப்பு அந்தக் கோட்டைத் தாண்டி ஆழம் போகவில்லை, தோலைச் சுற்றி எடுத்துத் தொடைத் தோல் வைத்தால் போதும் போல் தெரிகிறது. ஆனால் முடிவு சத்திரசிகிச்சை டொக்டருடையது. படத்தை அவரிடம் காட்டுவாராம்.

போல் தெரிகிறது! இந்த வார்த்தைக்கு வேன் முன்னால் நிற்க வேண்டியிருந்தது.

10.6.2008, செவ்வாய்

ஆஸ்பத்திரி. வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, தமிழர் என்று எங்கள் இருவரை மட்டும் இறக்கி ஐடென்டி கார்டு பார்த்தார்கள். அது தனிக் கோபம், பிறகு எழுதுகிறேன்.

சத்திரசிகிச்சை டொக்டர் பூங்கொடியின் கட்டிலுக்கு மேலாக என்னைப் பார்த்தே பேசினார். புது மெசின், அதை நம்பி வெட்ட முடியாது. டொக்டரம்மா இங்கிலீசில் விடாமல் வாதாடினார். கடைசியில் பெரிய டொக்டர் என்னிடம்: தோலை மட்டும் எடுத்தால் திரும்ப வரலாம், வந்தால் காலே போகலாம், உயிரும் போகலாம். உமது விருப்பம் என்ன?

நான் வாயைத் திறந்தேன்.

"காலு என்னோடது. என்கிட்ட கேளுங்க."

பூங்கொடி. தமிழில் எனக்கு, உடனே சிங்களத்தில் அவருக்கு. படத்தைக் கேட்டாள். டொக்டரம்மா கம்ப்யூட்டரை மடியில் வைத்தார். வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தக் கோடு எங்கயாவது அறுந்திருக்கா?"

"இல்லை."

"மாசா மாசம் வந்து காட்டுறேன். தோல மட்டும் எடுங்க."

பெரிய டொக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். என்னவோ எரிச்சல். யார் மேல் என்று தெரியவில்லை. வெராந்தாவுக்குப் போய் நின்றேன்.

12.6.2008, வியாழன்

தூறல். வெட்டியாகிவிட்டது. வாசலில் நின்ற என்னிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நர்ஸ், அட்டெண்டன், எல்லாரிடமும் சண்டை. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

போர்வையை அவளே விலக்கினாள். கட்டு. கட்டுக்குள் குதிகால், வடிவம் மாறாமல்.

"மாமா, கத்தாதீங்க. ஆளுங்க தூங்குறாங்க."