குப்பைப் பட்டியலில் ஒரு பெயர்

அக்கா,

இன்று காலை எங்கள் கரடியனாற்றுக் கிளையிலிருந்து ஒரு பென் டிரைவ் வந்தது. வழக்கம்போல நீளக் கடித உறைக்குள் போட்டு, மேலே என் பெயரை எழுதி, பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து விட்டிருந்தார்கள். இணையம் வந்து எவ்வளவோ காலமாகிறது. ஆனாலும் கொண்டக்டரில் இருக்கிற நம்பிக்கை எங்கள் ஆட்களுக்கு மின்னஞ்சலில் இன்னும் வரவில்லை. உறைக்குள் ஒரு துண்டும் இருந்தது. 'சேர், இதுக்குள்ள ஒரு பைலுக்கு வைரஸ் பிடிச்சிருக்கு போல. எழுத்தெல்லாம் குழம்பிக் கிடக்கு. அழிச்சுப்போட்டு பென்னை மட்டும் அனுப்புங்க.'

திறந்து பார்த்தேன். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கைக்கு வந்தபடி கொட்டிக் கிடந்தன. வைரஸ் ஒன்றும் இல்லை. பழைய பாமினி எழுத்துருவில் யாரோ அடித்த தமிழ். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அது இப்படித்தான் தெரியும். எழுத்துருவை மாற்றாமல் அப்படியே வாசித்தேன். குளக்கட்டைத் திருத்தித் தரும்படி வயல் செய்கிற கமக்காரரின் சங்கம் ஒன்று எழுதிய கடிதம். இப்போதெல்லாம் அந்தக் குப்பை எனக்கு நேராகவே வாசிக்க வருகிறது. அது எப்படி வந்தது என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டும். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இதைச் சொல்ல எனக்கு வேறு ஆளில்லை.

இந்தத் தொண்டு நிறுவனத்துக் கணினிகளைப் பார்க்கும் வேலைக்கு நான் வந்த முதல் வாரமே நாங்கள் இருவரும் முட்டிக்கொண்டோம். உங்கள் மேசையிலிருந்த கிழட்டுக் கணினியைத் தூக்கிவிட்டுப் புதியது வைக்க வந்தேன். நீங்கள் எழும்பவே இல்லை. "இது பழகின மாடு சேர். விட்டிருங்க" என்றீர்கள். கணவனை இழந்தவர்கள், தோணி இழந்தவர்கள், வீடு இழந்தவர்கள் எல்லோருக்கும் விண்ணப்பமும் முறைப்பாடும் அடித்துக் கொடுத்த கை உங்களுடையது. கண் யன்னலுக்கு வெளியே வாவியில் இருக்கும், விரல் தன்பாட்டில் ஓடும். யுனிகோடுக்கு மாறுங்கள், உலகமே மாறிவிட்டது என்று நான் பிரசங்கம் செய்தேன். உலகம் மாறட்டும், அரசாங்கக் கந்தோர்களில் இன்னும் பாமினியில்தானே கேட்கிறார்கள் என்றீர்கள். அது உண்மை என்பதால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். கணினி ஓடுகிறது என்று சொல்ல ஒருவரும் என்னைக் கூப்பிடுவதில்லை. பிரிண்டர் அடிக்கவில்லை என்று மூன்றாம் மாடிக்கு ஓடினால் வயர் கழன்று கிடக்கும். கடவுச்சொல்லைக் கடினமாக வையுங்கள் என்றால் கடினமாகவே வைத்து, அதைத் துண்டில் எழுதித் திரையில் ஒட்டிவிடுவார்கள். பணிப்பாளர் அறிக்கையை அச்சிடப் போகிற நேரம் பார்த்து விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கும். ஐப்பசி இடி முழக்கத்தில் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பிளக்கைப் பிடுங்குவேன். நான் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் யாராவது போனுக்குச் சார்ஜ் போடத் திரும்பச் சொருகிவிடுவார்கள். எது பழுதானாலும் ஒரே வாக்குமூலம்தான்: நான் ஒன்றும் செய்யவில்லை, அது தன்பாட்டில் நின்றுவிட்டது.

அந்த வாக்குமூலத்தை ஒருநாளும் தராத ஒரே ஆள் நீங்கள். என் கதவடியில் வந்து நின்று, "நான் இதை அமத்தினன் சேர், மறுகா இப்பிடி வந்திட்டுது" என்பீர்கள். எதை, எத்தனை தரம், எந்த ஒழுங்கில் என்று எல்லாம் சொல்வீர்கள். அதனால் உங்கள் பழுதுகளை ஐந்து நிமிடத்தில் திருத்திவிடுவேன். முட்டல் போய் நட்பு வந்தது அப்படித்தான்.

என்னைவிட நீங்கள் ஒன்பது வயது மூத்தவர். ஆனாலும் என்னைச் சேர் என்றே கூப்பிட்டீர்கள். சாரதியையும் காவலாளியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். எங்கள் பக்கத்துப் பெண்களின் வாயில் முதலில் வருகிற தம்பி என்ற சொல் உங்கள் வாயில் வரவே இல்லை. ஏனென்று ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது நீங்களாகவே சொன்னீர்கள். உங்களுக்கு ஒரு தம்பி இருந்தான். பதினேழு வயதில் மண்ணெண்ணெய் வாங்கச் சந்திக்குப் போனான். சந்தியில் நிரையாக நிறுத்திச் சிலரை வாகனத்தில் ஏற்றினார்களாம், அவனையும் ஏற்றினார்களாம். அவ்வளவுதான் தகவல்.

அந்த நாளைப் பற்றி அறிந்த எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தீர்கள். எத்தனை மணிக்குப் புறப்பட்டான், என்ன நிறச் சேட்டு, காலில் செருப்பு இருந்ததா, கண்டவர்கள் யார், வாகனம் எந்தப் பக்கம் திரும்பியது. விசாரணை என்று எவர் வந்தாலும் இதையேதான் கேட்டார்கள். முன்பு சொன்னதோடு ஒரு சொல் பிசகினாலும் பேனையை வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்களாம். அந்தக் கொப்பியைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது. வாழைச்சேனையில் உங்கள் வீட்டுச் சுவர்கூட மிஞ்சவில்லை, கொப்பி எங்கே மிஞ்சும். ஞாபகம் மங்குமுன் அதைத் திரும்ப எழுதிவிட நினைத்தீர்கள். ஆனால் கடதாசியில் எழுத உங்களுக்குப் பயமாக இருந்தது.

"உங்கட கொம்பியூட்டரில அடிச்சு வைச்சா தொலையாதுதானே சேர்?" என்று கேட்டீர்கள்.

நான் சிரித்தேன். "நான் இரிக்கிற வரைக்கும் தொலையாது அக்கா."

மத்தியான இடைவேளைகளில் மாதக்கணக்காக அடித்தீர்கள். சேர்வரில் உங்களுக்கென்று இருந்த இடத்தில் ஒரு கோப்புறை போட்டு அதற்குள் வைத்தீர்கள். பெயர் வைக்கிற பெட்டியில் எழுத்துரு வேலை செய்யாது என்று தெரிந்தும், விரல் பழக்கத்தில் தம்பி என்று பாமினியில் அடித்திருக்கிறீர்கள். கணினி அதை jk;gp என்று காட்டியது. நீங்கள் மாற்றவில்லை. மற்றவர் கண்ணுக்குப் படாமல் கிடக்கட்டும் என்றுகூட நினைத்திருக்கலாம்.

பிறகு வைத்தியத்துக்கென்று கொழும்புக்குப் போனீர்கள். நீங்கள் லீவில் இருந்த மாதம், யாரோ ஒருவரின் பென் டிரைவ் வழியாக ஒரு வைரஸ் சேர்வருக்குள் புகுந்தது. இருந்த கோப்புறைகளுக்கெல்லாம் குழம்பிய பெயர்களில் போலிகளைப் போட்டு நிரப்பியது. எழுத்துக்கு நடுவில் குறிகள் கலந்த பெயர்களையெல்லாம் தேடிப் பிடித்துப் பட்டியலிட ஒரு சின்ன நிரல் எழுதினேன். நூற்றுக்கணக்கான பெயர்கள். பட்டியலை மேலிருந்து கீழே ஓடவிட்டேன். jk;gp என் கண் முன்னால்தான் போனது. பாமினிக் கடிதங்களோடு பத்து வருடம் மாரடித்தவன் நான். அந்த ஐந்து அடிப்புகளை எனக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை. நின்று வாசிக்கவில்லை, அவ்வளவுதான். எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. ஓம் என்று கொடுத்தேன். சுத்தமாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் அன்றே புதுக் கோப்புகளை அதன்மேல் ஏற்றியும் விட்டேன்.

பேக்கப் எங்கே என்று கேட்பீர்கள். ஒரே இடத்தில் இருப்பது இல்லாததற்குச் சமம் என்று இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் நான். ஆனால் ஆட்கள் தங்கள் இடத்தில் கலியாண வீடியோவும் பாட்டும் நிரப்புகிறார்கள் என்ற எரிச்சலில், தனியாரின் கோப்புறைகளுக்குப் பேக்கப் வேண்டாம் என்று நிறுத்தியவனும் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

நீங்கள் திரும்பி வருவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது, உங்கள் இடத்தில் அந்த ஒரு கோப்புறை மட்டும் இல்லாததைக் கண்டேன். நாலு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, அழிந்ததை மீட்கிற மென்பொருட்களை ஒவ்வொன்றாக ஓட்டினேன். பிய்ந்த துண்டுகளாக ஆயிரக்கணக்கில் வந்தன. தலையில்லாத கடிதங்கள், வாலில்லாத விண்ணப்பங்கள், எல்லாம் குழம்பிய எழுத்தில். ஒவ்வொன்றாக எழுத்துருவை மாற்றிப் பார்க்க நேரமில்லை. அப்படியே வாசித்தேன். வாசித்து வாசித்துத்தான் பக்கம் பக்கமாக நேரே வாசிக்கிற இந்த வித்தை எனக்குக் கைவந்தது. யார் யாருடைய துயரமெல்லாமோ கிடைத்தது. உங்களுடையதில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

நீங்கள் முடி கொட்டிய தலையில் சீலைத்துணி கட்டிக்கொண்டு வந்து மேசையில் இருந்தீர்கள். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டீர்கள். எங்கள் தொழிலில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நாங்கள் சொல்லும் காரணம் எதிரில் இருப்பவருக்கு விளங்காது, விளங்காததால் நம்பிவிடுவார். அந்த வசதியை எடுத்து உங்கள்மேல் பாவித்தேன். டிஸ்க்கில் ஒரு பக்கம் பழுதாகிவிட்டது, உங்கள் கோப்புறை இருந்தது அந்தப் பக்கத்தில்தான் என்றேன். நீங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அலுவலகத்துக்கு நீங்கள் அடித்த கடிதங்கள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. இதெல்லாம் கிடக்கிறதே என்றீர்கள். அது வேறு பக்கம் என்றேன்.

"பரவாயில்ல தம்பி. நீங்க என்ன செய்வீங்க" என்றீர்கள்.

அத்தனை வருடத்தில் அன்றுதான் முதல் தரம் அந்தச் சொல்லால் என்னைக் கூப்பிட்டீர்கள். அந்த இடத்திலேயே உங்கள் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. எல்லோருக்கும் பாடம் எடுத்த வாய்க்கு, அழித்தது நான் என்று ஒரு வசனம் வரவில்லை. குடிக்க ஒரு கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன்.

நீங்கள் மூன்றாவது தரமாக எழுதத் தொடங்கினீர்கள். வைத்தியத்தால் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. பார்க்காமல் அடித்த கை, இப்போது ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தது. மணி ஞாபகத்தில் இருந்தது, வாகனம் திரும்பிய பக்கம் ஞாபகத்தில் இருந்தது. சேட்டில் வந்து நின்றுவிட்டீர்கள். நீலமா, சாம்பலா என்று மூன்று நாள் யோசித்தீர்கள். அந்த மாதமே ஒரு விசாரணைக்கு அழைப்பு வந்தது. நடக்க ஏலாமல் இருந்ததால் உங்களை ஓட்டோவில் கூட்டிப்போனது நான். திறந்த கதவுக்கு வெளியே கிடந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன், எல்லாம் கேட்டது. நீலம் என்றீர்கள். எதிரில் இருந்தவர் பழைய தாள்களைப் புரட்டிவிட்டு, முந்தி சாம்பல் என்று சொல்லியிருக்கிறீர்களே என்றார்.

"எழுதி வைச்சிருந்தனான் ஐயா. தொலைஞ்சு போச்சு" என்றீர்கள்.

யார் தொலைத்தது என்று அவர் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அவர் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது. திரும்பி வருகிற வழியில் செங்கலடியில் நிறுத்தி இளநீர் வாங்கித் தந்தேன். பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினீர்கள். நானும் வாங்கிக் குடித்தேன்.

பிறகு ஆசுபத்திரிதான். கிழமைக்கு இரண்டு தரம் வந்தேன். பணிப்பாளரின் புது மடிகணினி, மாடிக்கு வந்த புதுப் பிரிண்டர், யார் யாரோடு கோபம் என்று கந்தோர்க் கதையெல்லாம் சொல்வேன். கேட்டுக்கொண்டு கிடப்பீர்கள். நான் எழும்புகிற நேரம், "வேற என்ன?" என்பீர்கள். வேறு ஒன்றுமில்லை அக்கா என்பேன். அந்தக் கேள்வி ஒரு தரமும் தவறியதில்லை. நோயாளிக்கு ஆள் போவது பிடிக்கவில்லை, அதனால் இழுத்துக் கதைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து இரண்டு கிழமையில் உங்கள் அம்மா கந்தோருக்கு வந்தார். வாழைச்சேனையிலிருந்து தனியாக பஸ்ஸில் வந்திருந்தார். மகள் கடைசியாக அடித்தது உங்கள் கணினியில் இருக்கிறதாமே, அதை எடுத்துத் தாருங்கள், இனி விசாரணைக்குப் போக நான்தான் இருக்கிறேன் என்றார். அச்சிட்டுக் கொடுத்தேன். பதினொரு தாள். சேட்டு என்ற இடத்தில் 'நீலம் அல்லது சாம்பல்' என்று அடித்திருந்தீர்கள். உங்களுக்கு நிறம் ஞாபகமிருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டேன். தோய்த்துக் கொடுத்தது மகள்தான், அவளுக்குத்தான் தெரியும் என்றார். முதலில் அடித்தது இதைவிடப் பெரிதென்று மகள் சொன்னாள், அது இல்லையா என்று கேட்டார். என் வாய் தன்பாட்டில் தொடங்கியது. டிஸ்க்கில் ஒரு பக்கம் பழுதாகி என்று பழைய பாட்டையே பாடினேன்.

"அத விடுங்க மகன்" என்றார். "அத அவள் நம்பல்ல. டிஸ்க்கு பழுதெண்டா மத்தக் கடிதமெல்லாம் எப்பிடிக் கிடக்கும் எண்டு அண்டைக்கே வீட்ட வந்து சொன்னவள். தெரியாம அழிச்சுப்போட்டார், சொல்லப் பயப்படுறார், அவராச் சொல்லட்டும் எண்டவள். ஆசுபத்திரியில நீங்க வந்து போனாப்பிறகு ஒவ்வொரு தரமும் சொன்னாரா எண்டு கேப்பன். இண்டைக்கும் சொல்லல்லம்மா எண்டுவாள்."

கோபமாகச் சொல்லவில்லை. தாள்களை மடித்துப் பைக்குள் வைத்து, குடையை எடுத்துக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பஸ்ஸுக்குக் கொண்டுபோய் ஏற்றிவிட்டேன்.

நீங்கள் படுத்துக்கிடந்து காத்திருந்த அந்த வசனத்தை நான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். பழுதென்று நான் சொன்ன டிஸ்க் இன்றும் அதே சேர்வரில் ஓடுகிறது. திங்கட்கிழமைதோறும் அதைச் சோதிக்கிறேன், ஒரு குறையும் இல்லை என்று காட்டுகிறது. அதற்கு ஒருநாளும் ஒன்றும் நடக்கவில்லை அக்கா. அழித்தது நான்.