சூடேறும் முன் சேர்த்த சுருதி

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

ஆல்பம் பத்திரமாக வந்து சேர்ந்தது. போனில் சொல்லலாம் என்றால், லைன் சரியில்லை, கடிதமாகவே எழுது என்று சொல்லிவிட்டீர்கள். எழுபத்திரண்டு வயதில் நாற்பது நிமிடம் ஒரே மூச்சில், எங்கும் வெட்டாமல் ஒட்டாமல் சிந்தசைசர் வாசிக்க உங்களால்தான் முடியும். கடை ஸ்பீக்கரில் போட்டேன். ரேடியோ ரிப்பேருக்கு வந்தவர் வந்த வேலையை மறந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தாலாட்டுவது போல இருக்கிறது என்றார்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். பாதிக்கு மேல், அடியில் ஓடும் அந்த நீளமான நாதம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்கிக்கொண்டே போகிறதே, வேண்டுமென்றே செய்ததா? அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மச்சான்,
ஸ்க்ரூ

மார்ச் 15

ஸ்க்ரூ மாப்பிள்ளைக்கு,

நீயாவது முழுசாகக் கேட்டாயே. உன் அக்கா ஐந்தாவது நிமிடமே குறட்டை. மயக்கும் இசை என்று பத்திரிகையில் எழுதினார்கள், அதை அவள் நிரூபித்துவிட்டாள்.

அந்த இறங்கும் நாதத்தைப் பற்றித்தான் எல்லோருக்கும் பேச்சு. காலடியில் தரை நழுவுகிறதாம். பேட்டி எடுக்க வந்த பெண்ணிடம், "அதுக்காகத்தாம்மா நாப்பது வருஷம் காத்திருந்தேன்" என்று ஒரு போடு போட்டேன். வேண்டுமென்றே செய்ததுதான், இதில் என்ன சந்தேகம்?

அடுத்த மாதம் கச்சேரி. இதே ஆல்பத்தை மேடையில் வாசிக்கிறேன். சிந்தசைசர் பெட்டியை உனக்கு அனுப்புகிறேன், துடைத்து ஒரு முறை பார்த்துக் கொடு. போன வருடம் நீ ரிப்பேர் செய்த பிறகுதான் அதற்கு உயிரே வந்தது. உனக்குக் கைராசி.

அன்புடன்,
அத்தான்

ஏப்ரல் 2

அத்தானுக்கு,

பெட்டியை இன்று ஏற்றி அனுப்பிவிட்டேன். துடைத்திருக்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது. கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, கச்சேரிக்கு வர முடியாது போலிருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள்.

மச்சான்

ஏப்ரல் 21

மாப்பிள்ளை,

கச்சேரி முடிந்தது. கைதட்டினார்கள். மரியாதைக்குத் தட்டும் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் கண்ணைத் திறந்து என்னையே பார்க்க ஆரம்பித்தார். முடிந்ததும் மேடைக்கு வந்து, "சார், அது எறங்கவே இல்லையே, ஏன் சார்?" என்றார். இன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன் என்று சமாளித்தேன். அவர் நம்பவில்லை.

பெட்டியை என்ன செய்தாய்? நேராகச் சொல்.

அத்தான்

ஏப்ரல் 27

அத்தானுக்கு,

சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே சூடேறிய பிறகுதான் சுருதி சேர்க்க வேண்டும். போன வருடம் மேட்ச் பார்க்கப் போகும் அவசரத்தில், சுவிட்சைப் போட்டதும் சுருதி சேர்த்துவிட்டுக் கடையைச் சாத்திவிட்டேன். அதனால்தான் சூடாகச் சூடாக ஒரு நாதம் இறங்கியது. ஆல்பத்தில் பதிவானது என் சோம்பேறித்தனம்.

முதல் கடிதத்தில் அப்படிக் கேட்டது நீங்கள் திட்டுவீர்கள் என்று நினைத்துத்தான். திட்டியிருந்தால் அன்றே காலில் விழுந்திருப்பேன். வேண்டுமென்றே செய்தது என்று நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவ்வளவு இறங்கியும் உங்கள் காதுக்கு எட்டவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அதை உங்களிடம் எந்த வாயால் சொல்வேன்? சத்தமில்லாமல் சரிசெய்து அனுப்பிவிட்டேன். என் தப்பை மூடி மறைக்கப் போய் உங்களை மேடையில் தலைகுனிய வைத்துவிட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

மச்சான்

மே 6

மாப்பிள்ளை,

நேற்று காது டாக்டரைப் பார்த்தேன். வலது காது அநேகமாகப் போய்விட்டது. இடது பாதி. போன் லைனில் ஒரு கோளாறும் இல்லை, கோளாறு என் காதில்தான் என்று எனக்கே ஒரு வருடமாகத் தெரியும்.

பேட்டி எடுக்க வந்த அந்தப் பெண் இறங்கும் நாதம் என்றதும் தூக்கிவாரிப் போட்டது. அவள் போன பிறகு ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஒத்துக்கொண்டால் இனி வாசிக்காதே என்று நீயும் உன் அக்காவும் சொல்லிவிடுவீர்கள் என்ற பயத்தில்தான் உனக்கும் பொய் எழுதினேன். அந்த வகையில் என் மேலும் தப்பு இருக்கிறது. உன் மேல் உள்ள கோபம் தீரக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை வராதே.

ஆனால் ஒரு வேலை செய். அந்த ஆல்பத்தை மறுபடி போடு. பிரமாதம், அருமை என்றெல்லாம் எழுதாதே. எந்த நிமிடத்தில் என்ன கேட்கிறது, அது எங்கே இறங்கத் தொடங்குகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. ஊரே கேட்டுவிட்டது, நான் இன்னும் கேட்கவில்லை.

அத்தான்