சேலத்தில் இறங்கி, அண்ணன் வீட்டுக்குப் போகாமல்

ஜூலை 5, சனி

விடியும்போதே சென்னையில் புழுக்கம். காலை ரயிலில் சேலம், அங்கிருந்து பஸ்ஸில் ஏற்காடு, ராத்திரிக்குள் வீடு. தனியாக. இது மூன்றாவது தடவை.

பையில்: குடை, சப்பாத்தி, வாந்தி மாத்திரை. புத்தகம் வேண்டாம், பிரிப்பதே இல்லை.

டயர் கடை வைத்திருக்கும் அண்ணன் வீடு சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெரு. அங்கே தலைகாட்டாமல் மலை ஏறுவது எங்கள் பக்கத்தில் சின்னக் குற்றமில்லை. சொல்லிவிட்டுப் போனாலோ துணைக்கு ஆள், மத்தியான விருந்து, என் ஒரு நாள் காலி. துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். திருடி மாதிரி.

வெயில் எந்த வளைவில் குளிராகிறது என்று இன்றும் கவனித்தேன். பிடிபடவில்லை. சட்டென்று கையில் ரோமம் நிற்கிறது, அவ்வளவுதான். பின்சீட்டுக் குழந்தை அதற்கு முன்பே வாந்தி. மேலே, சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக்கொடி. அவ்வளவு ஒல்லி மரம் எப்படித் தாங்குகிறது? ஏரிக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏரிக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கிறார்கள். யாரோடும் பேசாமல் ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி. பரம சந்தோஷம்.

இறங்கும் பஸ்ஸில் மாட்டினேன். பக்கத்து சீட் அம்மா என்னையே பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க டயர் கடைக்காரர் தங்கச்சிதானுங்களே? உங்க அண்ணி எங்க ஊரு எருமப்பட்டிப் புள்ளைங்க."

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூலை 6, ஞாயிறு

துணி ஊறுகிறது. அண்ணி போன்.

"ஏனுங்க அம்மிணி, ஊட்டுக்கு வராமயே போயிட்டீங்களாமா?"

மன்னிப்புக் கேட்டேன்.

"அத வுடுங்க. உங்க அண்ணங்கிட்ட நான் சொல்லலீங்க." குரல் இறங்கியது. "தனியாவா போனீங்க? ஊட்டுக்கு வார விருந்தாளியெல்லாம் நாந்தானுங்க மலைக்குக் கூட்டிட்டுப் போறனுங்க. மடியில புளிசோத்துத் தூக்கு. ஒருக்காக்கூட சன்னலோரம் உக்காந்ததில்லீங்க. பயமா இல்லீங்களா?"

இல்லை என்றேன். எங்கே சாப்பிட்டேன், கழிப்பறை எங்கே, யாராவது ஏதாவது கேட்டார்களா, ஒன்றுவிடாமல் விசாரித்தார். அடுத்த தடவை சேர்ந்து போகலாமா என்றேன். அடுப்பில் வேலை என்று வைத்துவிட்டார். கோபமோ?

ஜூலை 12, சனி

மூட்டம். இன்று பயணம் இல்லை, காஸ் சிலிண்டர் வருகிறது. அண்ணன் போன். பதற்றம்.

"உங்கண்ணி சொல்லாம கொள்ளாம எங்கியோ போயிட்டா. இட்லி மூடி வெச்சிருக்குது. போனும் எடுக்கல. அக்கம்பக்கமெல்லாம் கேட்டாச்சு. உனக்கு ஏதாச்சும் தெரியுமா சாமி?"

எனக்குத் தெரிந்துவிட்டது. வாய் தானாகத் திறந்தது.

"எங்கூடத்தானுங்கண்ணா இருக்காங்க. ஏற்காட்டுல."

பெருமூச்சு. "அப்பச் சரி. ரெண்டு பேரும் மத்தியானச் சோத்துக்கு வந்துருங்க. கறி எடுத்தாறேன்."

வைத்துவிட்டார். நான் சென்னையில், நைட்டியோடு, வாசலில் சிலிண்டர்காரர். அண்ணிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. இந்நேரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். எடுக்காமலே இருக்கட்டும்.