தையல் போட்ட காது

பன்னீர்மலைத் தோட்டம், மேற்கணக்கு,
தலவாக்கலை.
11.11.1979

அன்பு மகள் இசபெல்லுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் அண்ணனும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே மெட்ராசில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. எப்போதும் பாதிப் பக்கத்துக்கு எங்கள் சுகத்தை விசாரிக்கிறவள் இந்த முறை ஒரு சொல்கூட விசாரிக்கவில்லை. "நான் யார் பெற்ற பிள்ளை, எல்லா உண்மையையும் சொல்லுங்கள்" என்று முதல் வரியிலேயே கேட்டுவிட்டு, கிறிஸ்மஸுக்கு வரப்போவதில்லை என்று கடைசி வரியில் முடித்திருக்கிறாய். அடி என் தங்கமே, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு ஆறுதலாக வாசி. நீ நான் பெற்ற பிள்ளை. என் வயிற்றில் பத்து மாதம் இருந்து உதைத்த உதை எனக்குத்தான் தெரியும். நீ பிறந்த அன்று வலி தாங்காமல் பக்கத்துக் காம்பரா ராக்காயி அத்தையின் கையைக் கடித்துவிட்டேன், அந்தப் பல் தடத்தை அவள் இன்றைக்கும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். வேறு சாட்சி வேண்டுமென்றால் அவளைத்தான் கப்பலேற்றி அனுப்பவேண்டும்.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது. மனிதருடைய உடம்பைப் பற்றிய படிப்பு என்று நீ போன வருஷம் எழுதியபோது அப்பா உனக்கு எலும்பு டாக்டர் என்று பெயர் வைத்து லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். ஆனால் உன் கடிதங்கள் வர வர உன்னைவிட அவருக்குத்தான் அந்தப் பைத்தியம் முற்றிவிட்டது. சிலருக்கு நாக்கைக் குழாய் மாதிரிச் சுருட்ட வரும், சிலருக்கு வராது, அது தாய் தகப்பன் வழி வருவது என்று நீ எழுதினாயே, அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தலவாக்கலைக்குப் போய் பைஸர் நானா கடையில் வாசித்துக் காட்டியிருக்கிறார். அரிசி வாங்க வந்தவர்கள், சீனி வாங்க வந்தவர்கள் எல்லாரும் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று நாக்கை நீட்டிச் சுருட்டிப் பார்த்திருக்கிறார்கள். நான் அடுத்த வாரம் போனபோது பைஸர் நானா, "ஒங்க மக மெட்ராஸ்ல படிக்குது, எண்ட கடையில சனம் யாவாரத்தை விட்டுட்டு நாக்கை நீட்டிக்கிட்டு நிக்குது" என்று சொல்லிவிட்டு, தனக்கு நாக்கு சுருளவில்லை, மனைவி றுக்கையாவுக்குச் சுருளுகிறது, அதனால் வீட்டில் மதிப்பே போய்விட்டது என்றும் குறைப்பட்டுக்கொண்டார். கோயிலில் இன்னும் மோசம். பூசை நேரத்தில் அப்பா, அதுவும் வம்சத்தில் வருவதுதானே என்று சாமியாருடைய முகவாய்க் குழியை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் வெளியே வந்து, "மரியநாயகம், எம் மூஞ்சியில என்னத்தை அப்பிடிப் பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டார். மனிதனும் குரங்கும் ஒரு வழியில் வந்தது என்று நீ எழுதிய கடிதத்தை மட்டும் சாமியாரிடம் காட்டவேண்டாம் என்று நான்தான் ஒளித்து வைத்திருக்கிறேன்.

எனக்கும் உன் படிப்பு பிடித்துத்தான் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மலையில் பிறந்தவர்கள் குள்ளமாக இருப்பது ரத்தத்தில் வந்ததா, சின்ன வயதில் சாப்பாடு இல்லாததால் வந்ததா என்று உங்கள் வகுப்பில் வாதாடியதாக எழுதியிருந்தாயே, அதிலிருந்து, கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் விட்டுப்போக பிள்ளைக்காம்பராவில் நான் பார்க்கிற குழந்தைகளையெல்லாம் வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஒரு றாத்தல் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற அந்தப் பஞ்ச வருஷங்களில் தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள், அவர்களை வரிசையில் நிற்கவைத்தால் அடுத்து வந்த பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் அதிக உயர வித்தியாசம் இல்லை. அதை ரத்தம் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே, வயிறு என்று சொல். நீயும் அங்கே தோசையும் காப்பியுமாகப் பொழுதைப் போக்காமல் ஒரு முட்டையாவது தினமும் சாப்பிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓகஸ்ட் மாதம் நீ எழுதிய கடிதத்தில், வீட்டில் உள்ளவர்களின் காதுகளைப் பார்த்து எழுதி அனுப்புங்கள், காதுச் சோணை கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா, பிரிந்து தொங்குகிறதா, குடும்பப் படம் ஒன்று வரைந்து வாத்தியாருக்குக் கொடுக்கவேண்டும் என்று கேட்டாய். நான் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு, ஒரு கையால் என் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டு, மறு கையால் எழுதினேன். என் காது ஒட்டினது, அப்பா காது ஒட்டினது, அண்ணன் காது அச்சில் வார்த்த மாதிரி அப்பா காது, உனக்கு மட்டும்தான் மணி மாதிரி அழகாகத் தொங்கும் என்று பெருமையாக எழுதினேன். நீ அதை வைத்துப் படம் வரைந்திருக்கிறாய். தாய் தகப்பன் இருவருக்கும் ஒட்டின காது என்றால் பிள்ளைக்குத் தொங்கும் காது வராது என்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறதாம். பக்கத்து அறைப் பிள்ளை, அப்படியென்றால் உன்னை எங்கேயோ கண்டெடுத்திருக்கிறார்கள் என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நீ அதை நம்பி, படுத்து அழுது, அண்ணன் உங்கள் பிள்ளைதான், அவர் காதே சாட்சி, நான்தான் வேறு யாரோ, அதனால்தான் என்னைக் கடல் கடந்து அனுப்பிவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த இடத்தோடு கடிதத்தை அப்பா கையில் கொடுத்துவிட்டேன்.

அன்று வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா சவரக் கண்ணாடியை எடுத்து முதலில் தன் காதைப் பார்த்தார், பிறகு என் காதைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் ஃபாக்டரிக்குப் போய்விட்டார். அந்த மனுசன் என்னைச் சந்தேகப்படுகிறாரோ என்று எனக்கு ஒரு பக்கம் கோபம், புத்தகம் பொய் சொல்லாதே என்று இன்னொரு பக்கம் பயம். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது அடக்கமுடியாமல் ராக்காயியிடம் சொல்லி அழுதேன். அவள் குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடியே சிசிலி, ஒங் காது தையல் போட்ட காதுல்ல! நம்ம ரெண்டு பேரும் ஒன்னாத்தான லொறியில போயி அறுத்துத் தச்சிக்கிட்டு வந்தோம், புத்தி கெட்டவளே" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கையால் என் காதையே தொட்டுப் பார்த்து எழுதியும் மறந்துபோயிருக்கிறேன் பார்.

உனக்கு இது தெரியாது, சொன்னதில்லை. எங்கள் அம்மா திருநெல்வேலிப் பக்கம், பொம்பளைப் பிள்ளை பிறந்தால் காதைக் குத்தி, பாரத்துக்கு ஈயக் குணுக்குத் தொங்கவிட்டு, தோள்வரை வளர்த்து, பாம்படம் என்ற கனத்த நகை போடுவது அவர்கள் வழக்கம். எனக்கும் ராக்காயிக்கும் அப்படித்தான் வளர்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் காதுத் துளைக்குள் விரலை விட்டு இழுத்துக் கேலி செய்வார்கள். பெரிய மனுஷியாகிற வயதில் அந்த மோஸ்தரும் போய்விட்டது, வளர்ந்த காதை அறுத்துத் தைத்துக் கம்மல் போடுவதுதான் நாகரிகம் என்று எல்லாரும் போனார்கள், எங்களையும் லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தொங்கினதை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் கன்னத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள், ராக்காயி அலறிய அலறலில் நான் அழவே மறந்துபோனேன். அதற்குப் பிறகு கலியாணம், நீங்கள், வேலை என்று காலம் போனதில் அது எனக்குப் பிறவிக் காதாகவே ஆகிவிட்டது. என் அசல் காது உன் காது மாதிரி தொங்கும் காதுதான் இசபெல். நீ என் காதைத்தான் கொண்டு பிறந்திருக்கிறாய். அப்பாவிடம் சொன்னேன், அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், சந்தேகமெல்லாம் இல்லையாம், என் மனசு கஷ்டப்படுகிறதே என்றுதான் பேசாமல் இருந்தாராம், அப்படி மழுப்பினார். நானும் நம்பின மாதிரி இருந்துவிட்டேன்.

இத்தோடு கடிதத்தை முடித்திருப்பேன். நேற்று அண்ணன் லொறியை நிறுத்திவிட்டு வந்து உன் கடிதத்தை எடுத்து வாசித்தான். வாசித்துவிட்டு வாசலுக்குப் போய், மழையில் நனைந்துகொண்டிருந்த விறகை எடுத்து ஓரமாக அடுக்கினான். பிறகு உள்ளே வந்து, "தையல் காதுன்னு மட்டும் எழுதுனீங்கன்னா நம்ம சமாளிக்கிறோம்னுதான் அது நெனைக்கும். எங் கதையையும் சேத்து எழுதிருங்கம்மா. வேணாம்னு சொன்னதும் நாந்தான், இப்ப சொல்லச் சொல்றதும் நாந்தான். பாவம், அங்க அழுதுக்கிட்டு இருக்கும்" என்றான். அதனால் எழுதுகிறேன். மனசைத் திடப்படுத்திக்கொண்டு வாசி.

நீ பிறப்பதற்கு நாலு வருஷத்துக்கு முன்னால், எனக்குக் கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அப்போதுதான் பிள்ளைக்காம்பராவில் சேர்ந்திருந்தேன். ஆடி மழையில் தோட்டத்தின் மேல் பக்கத்து மேமலை சரிந்தது. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த காளியாயியும், பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் சிவசாமியும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். பின்னேரம் எல்லாப் பெண்களும் ஈரத்தோடு ஓடிவந்து அவரவர் பிள்ளையை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு தொட்டிலுக்கு மட்டும் ஆள் வரவில்லை. அது பாலுக்கு அழுதுகொண்டே இருந்தது. அவர்களுக்கு இங்கே ஒட்டு உறவு யாரும் இல்லை, பின்னால் இந்தியாவில் அவர்கள் ஊருக்கு எழுதிப் போட்டும் பதில் வரவில்லை. அன்று இருட்டியதும் அப்பா என்னைத் தேடி வந்தவர், பிள்ளையைத் தூக்கித் தன் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு, "வா சிசிலி, வீட்டுக்குப் போவோம்" என்றார். சாமியார் அவனுக்கு றோலண்ட் என்று பெயர் வைத்தார்.

நீ உன் படத்தில் எங்கள் பிள்ளை என்று காதைச் சாட்சி வைத்தவன்தான் அவன். அப்பா காது மாதிரி அவனுக்குக் காது இருப்பது கடவுளுடைய வேடிக்கை. அப்பா மாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறானே, அது காது மாதிரி இல்லை, அப்பாவுக்குப் பின்னாலேயே நடந்து நடந்து வந்தது. அவனுக்கு மீசை அரும்பிய காலத்தில் அப்பா மேமலைக்குக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டிச் சொல்லிவிட்டார். திரும்பி வந்து எப்போதும் போலச் சாப்பிட்டான், சம்பல் இன்னும் கொஞ்சம் கேட்டான், பிறகு அடுப்படிக்கு வந்து, "தங்கச்சிக்கு மட்டும் சொல்லிறாதீங்கம்மா, அது என்னைய இப்ப கூப்பிடுற மாதிரியே கூப்பிடட்டும்" என்றான். நீ ஒரு வாரம் அழுததற்கே கிறிஸ்மஸுக்கு வரமாட்டேன் என்கிறாய். அவன் இத்தனை வருஷமாக அதை மனசில் வைத்துக்கொண்டுதான் உன் டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து தலவாக்கலை ஸ்டேஷன் வரை வந்தான். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை கண்ணே, இந்த ஒன்றை நினைத்து எனக்கே ராத்திரி தூக்கம் வரவில்லை.

உன் வாத்தியாரிடம் கொடுக்கிற படத்தில் உங்கள் படிப்புக்கு எது சரியோ அதை வரைந்து கொடு, அதில் அம்மா காதுக்குத் தையல் போட்டது என்று எழுது, அண்ணனைப் போடக்கூடாது என்றால் போடாதே, நாங்கள் தப்பாக நினைக்கமாட்டோம். ஆனால் இன்னொரு படம் வரைந்து இங்கே அனுப்பு. அதில் நாங்கள் மூன்று பேரும் நீயும் இருக்கவேண்டும். அதை என் பெயருக்கு அனுப்பாதே, அவன் பெயருக்கு அனுப்பு, உறையில் அண்ணா என்று எழுது. கிறிஸ்மஸுக்கு வரும் கப்பலுக்கு இப்போதே சீட்டுச் சொல்லிவை, கடலில் குளிர்காற்று அடிக்கும், சால்வை எடுத்துக்கொள். ஆண்டவர் உனக்குப் படிப்பையும் சுகத்தையும் நல்ல மனசையும் குறைவில்லாமல் கொடுக்கட்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்கிறார், அவருக்கு நாக்கு சுருளவில்லையாம், அது யார் வழி என்று கேட்கச் சொன்னார்.

இப்படிக்கு,
அவனுக்கும் உனக்கும் அம்மா,
சிசிலி மரியநாயகம்